சிறுவர் உதைபந்தாட்டம்: அஜிலிட்டியை அளப்பதும் இடம் பிரிப்பதும்

கிழக்குக் கரையில், கல்லடிக் கடற்கரைப் பக்கமோ கல்முனையில் ஒரு பாடசாலை மைதானத்திலோ பதினாறு பிள்ளைகளைச் சேர்த்து உதைபந்து பழக்கத் தொடங்குகிறவருக்கு முதல் கிழமையிலேயே வரும் கேள்வி, யாரை எங்கே நிறுத்துவது என்பது. வழமையான விடை எல்லோருக்கும் தெரியும். உயரமானவன் சென்டர் பெக், அதாவது பின்வரிசை நடுவில்; பறக்கிறவன் விங், அதாவது முன்பக்க ஓரத்தில்; உடம்பு வைத்தவன் கோலுக்குள், இடது காலன் இடப்பக்கம். கொஞ்சம் படித்தவர்கள் இணையத்தில் ஒரு சோதனையைப் பார்த்து, ஸ்டொப்வொச்சில் நேரம் பிடித்து, குறைந்த நேரக்காரனை முன்னுக்குப் போடுவார்கள். பிழையாக அளந்தால் இது முதல் முறையை விட மோசம். வாய்ப்பேச்சென்றால் யாராவது மறுத்துப் பேசுவார்கள். கொப்பியில் எழுதிய எண்ணோடு ஒருவரும் வாதாடமாட்டார்கள்.

10 முதல் 14 வயது வரையான பிள்ளைகளைப் புதிதாகப் பழக்க வருகிற ஆசிரியர்களுக்கும் கழகத்து அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் எழுதியது இது. தேவையான சாமான்: 30 மீற்றர் அளவுநாடா ஒன்று, நல்ல கமரா உள்ள போன் ஒன்று, மணல் நிரப்பிய வெற்றுப் போத்தல் பத்து, கொஞ்சம் சுண்ணாம்புத் தூள், ஒரு கொப்பி.

எதை அளக்கிறோம்

அஜிலிட்டி என்றால் கோன் என்ற கூம்புகளைச் சுற்றி ஓடுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஷெப்பர்ட், யங் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் கொடுத்த வரையறையில் ஒரு சின்னச் சேர்க்கை உண்டு: ஏதோ ஒன்றுக்கு எதிர்வினையாக, முழு உடம்பும் வேகத்தையோ திசையையோ சட்டென்று மாற்றுவது. அந்த "எதிர்வினையாக" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கே திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த பாதையில் ஓடினால் நாம் அளப்பது திசை மாற்றும் வேகம் மட்டும். ஆட்டத்திலோ எதிரில் வருகிறவன் இடுப்பை எந்தப் பக்கம் ஒடிக்கிறான் என்று கண்டுகொண்டு திரும்ப வேண்டும். கோன் சோதனையில் முதலாவதாக வந்த பிள்ளை ஆட்டத்தில் எப்போதும் அரைக் கணம் பிந்தி நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே இரண்டு வகைச் சோதனையும் வேண்டும்.

தரை, காற்று, நேரம்

நமது பக்கத்து மைதானங்களில் முதல் வேலை அளப்பதல்ல, பொறுக்குவது. வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகள் அதிகம். நெருஞ்சி முள், சோடா மூடி, உடைந்த போத்தல் மூன்றையும் ஓடுபாதை முழுக்கத் தேடுங்கள். மழைக்குப் பிறகு மாடுகள் மேய்ந்த தரையில் குளம்புக் குழிகள் காய்ந்து கல்லாகிக் கிடக்கும். திரும்பும் இடத்தில் அப்படி ஒரு குழி இருந்தால் கணுக்கால் போய்விடும். மண் போட்டு மிதித்து மூடுங்கள், அல்லது பாதையை நகர்த்துங்கள்.

ஓடுபாதையை வடக்குத் தெற்காகப் போடுவது நல்லது. காலையில் கடல் பக்கமிருந்து வரும் வெயில் கண்ணில் குத்தாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது மேற்கிலிருந்து குறுக்கே அடிக்குமே தவிர, ஒரு ஓட்டத்தைத் தள்ளிவிட்டு இன்னொன்றை மறிக்காது. காலை 7 மணிக்கு முன் அல்லது பின்னேரம் 4.30க்குப் பின் வையுங்கள். முதல் தடவை காலையில் எடுத்தால் அடுத்த தடவையும் காலையில்தான். ஐப்பசி தொடங்கித் தை வரை தரை ஊறிக் கிடக்கும். அந்தக் காலத்து எண்களை மாசியில் எடுத்த எண்களோடு ஒப்பிடுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. நோன்பு மாதத்தில் சோதனையே வேண்டாம். தண்ணீர் குடிக்காமல் பின்னேரம் முழுவேகத்தில் ஆறு தடவை ஓடச் சொல்வது அளவீடு அல்ல.

கடற்கரை மணல் இன்னொரு சிக்கல். ஏழெட்டுப் பேர் ஒரே இடத்தில் காலூன்றித் திரும்பினால் அங்கே பள்ளம் விழும். பிறகு வருகிறவனுக்கு அது சில வேளை முட்டுக்கொடுக்கும், சில வேளை சரியும். ஐந்து பேருக்கு ஒரு தடவை முழுப் பாதையையும் ஒரு மீற்றர் பக்கவாட்டில் நகர்த்துங்கள். கொப்பியில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே வெறுங்காலா, கன்வஸ் சப்பாத்தா, பூட்ஸா என்று எழுதுங்கள். வெறுங்காலில் ஓடிய பிள்ளை அடுத்த முறை பூட்ஸ் போட்டு ஓடி நேரம் குறைந்தால், குறைந்தது பூட்ஸால்தான்.

505: ஒரு போன் போதும்

திசை மாற்றும் வேகத்தை அளக்கப் பல சோதனைகள் இருக்க, 505 என்ற இந்தச் சோதனையை முதலில் சொல்லக் காரணம் உண்டு. இதில் நேரம் தொடங்கும் கோடும் முடியும் கோடும் ஒன்றே. அதனால் ஒரு போனை ஒரு கோட்டுக்கு நேரே வைத்தாலே போதும்.

1. நேர்கோட்டில் மூன்று கோடு போடுங்கள்: தொடக்கக் கோடு, அதிலிருந்து 10 மீற்றரில் நேரக் கோடு, 15 மீற்றரில் திரும்பும் கோடு.
2. நேரக் கோட்டுக்கு நேர் பக்கவாட்டில், பாதையிலிருந்து 5 மீற்றர் தள்ளி, பிள்ளையின் இடுப்பு உயரத்தில் போனை அசையாமல் நிறுத்துங்கள். கதிரை மேல் செங்கல் வைத்தால் உயரம் சரிவரும். காணொளி அமைப்பில் செக்கனுக்கு 60 படம் என்பதைத் தெரிவு செய்யுங்கள்.
3. பிள்ளை தொடக்கக் கோட்டிலிருந்து முழுவேகத்தில் ஓடி, நேரக் கோட்டைக் கடந்து, திரும்பும் கோட்டில் ஒரு கால் பட 180 பாகை திரும்பி, மீண்டும் நேரக் கோட்டைக் கடக்கும் வரை வேகம் குறைக்காமல் ஓட வேண்டும்.
4. இடுப்பு நேரக் கோட்டைப் போகும்போது கடக்கும் படத்திலிருந்து வரும்போது கடக்கும் படம் வரை எத்தனை படம் என்று பார்த்து 60ஆல் வகுங்கள். 165 படம் என்றால் 2.75 செக்கன்.
5. வலது காலூன்றி மூன்று தடவை, இடது காலூன்றி மூன்று தடவை.

படங்களை எண்ணக் கணினியில் கினோவியா என்ற இலவச மென்பொருள் உதவும். ஒவ்வொரு படமாக நகர்த்தி நேரத்தையும் காட்டும். மங்கல் வெளிச்சத்தில் பல போன்கள் செக்கனுக்கான படங்களின் எண்ணிக்கையைத் தாமாகக் குறைத்துவிடும். அது தெரியாமல் 60ஆல் வகுத்தால் எல்லாரும் சம்பியன்தான். நல்ல வெளிச்சத்தில் எடுங்கள்.

ஸ்டொப்வொச் ஏன் வேண்டாம்? கையால் அமுக்கும்போது வரும் பிழை சாதாரணமாகவே 0.1, 0.2 செக்கன் இருக்கும். 505இல் பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வித்தியாசமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். உங்கள் பெருவிரலைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

பதினாறு பேருக்கு ஆறு தடவை என்றால் 96 ஓட்டம். ஆளுக்கு அரை நிமிடம் வீதம் 48 நிமிடம். வரிசை முறையில் ஓடவிட்டால் ஒரு பிள்ளைக்கு இரண்டு ஓட்டத்துக்கு இடையில் தானாகவே எட்டு நிமிடம் ஓய்வு கிடைக்கும். அது தாராளம், இன்னும் சொன்னால் உடம்பு ஆறிவிடும். முறை வருவதற்கு ஒரு நிமிடம் முன் மெதுவாக ஓடிச் சூடேற்றச் சொல்லுங்கள். ஆறேழு பேர் மட்டும் வந்த நாளில் அவசரப்பட்டு அடுத்தடுத்து ஓடவிடாதீர்கள். குறைந்தது இரண்டு நிமிட இடைவெளி வேண்டும்.

எங்கே பிழைக்கும்? பெரும்பாலும் பிள்ளை நேரக் கோட்டையே முடிவுக் கோடாக நினைத்து அதில் நின்றுவிடும். அதற்கு அப்பால் 3 மீற்றரில் ஒரு போத்தலை வைத்து, "போத்தல் மட்டும் ஓடு மனே" என்று சொன்னால் சரியாகிவிடும். இன்னொன்று, திரும்பலுக்குப் பயந்து முதல் 10 மீற்றரையே மெதுவாக ஓடுவது. அப்படி ஓடினால் அந்த நேரம் செல்லாது.

இன்னொரு நாள் 10 மீற்றர் நேர் ஓட்டத்தையும் எடுங்கள். இரண்டு கோட்டிலும் பாதையோடு ஒட்டி ஒவ்வொரு கம்பு நட்டு, போனை நடுவில் 12 மீற்றர் தள்ளி வைத்தால் இரண்டும் படத்துக்குள் வரும். கம்பு பாதையிலிருந்து தள்ளிப்போனால் பார்வைக் கோணத்தால் நேரம் பிழைக்கும்.

எண்ணை வாசிப்பது

உதாரணத்துக்கு இரண்டு பிள்ளைகள். முதலாவது பிள்ளை 10 மீற்றரை 2.10 செக்கனில் ஓடுகிறது, 505 நேரம் 2.75. இரண்டாவது 10 மீற்றரை 1.95இல் ஓடுகிறது, 505 அதே 2.75. கொப்பியில் 505 மட்டும் இருந்தால் இருவரும் ஒன்று. கழித்துப் பாருங்கள்: முதலாவதுக்கு 0.65, இரண்டாவதுக்கு 0.80. வேகமான பிள்ளைதான் திரும்பும்போது அதிகம் இழக்கிறது. தன் கால் வேகத்தால் அந்த ஓட்டையை மறைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு வேண்டியது பிரேக் பிடிக்கப் பழகுவது. மற்றதுக்கு வேண்டியது முதல் ஐந்து எட்டின் வேகம். ஒரே எண்ணுக்கு இரண்டு மருந்து.

வலம் இடம் ஒப்பிடும்போது மூன்று ஓட்டத்தில் நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். வலது 2.72, 2.75, 2.79; இடது 2.91, 2.95, 3.00 என்று வைத்துக்கொள்வோம். ஒரே பக்கத்து ஓட்டங்களே 0.07, 0.09 வித்தியாசப்படுகின்றன. பக்கத்துக்குப் பக்கம் 0.20. அப்படியானால் வித்தியாசம் உண்மை. அதுவே 0.05 ஆக இருந்தால் பேசாமல் விட்டுவிடுங்கள்.

காணொளியை ஒரு தடவை நேரம் பார்க்காமல் கால்களை மட்டும் பாருங்கள். அதற்கு இன்னொருவரின் போனைத் திரும்பும் கோட்டுக்குப் பின்னாலிருந்து முன்பக்கமாகப் பிடிக்கச் சொன்னால் நல்லது. நன்றாகத் திரும்புகிற பிள்ளை கடைசி மூன்று எட்டைக் குறுக்கி, இடுப்பைத் தாழ்த்தி, கடைசிக்கு முந்திய எட்டிலேயே பாதிப் பிரேக்கைப் பிடித்துவிடும். திரும்பத் தெரியாத பிள்ளை நெட்டையாக நிமிர்ந்தபடி வந்து முழுப் பாரத்தையும் ஒற்றைக் காலில் போடும். அப்போது ஊன்றிய காலின் முழங்கால் உள்ளே மடிகிறதா என்று பாருங்கள். மடிந்தால் அந்தப் பிள்ளைக்கு நேரம் எடுப்பதை நிறுத்துங்கள். முழங்கால் தசைநார் அறுவது இந்த மாதிரி மடிப்பில்தான், வயதுக்கு வரும் பருவத்துப் பெண்பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூட. அரை வேகத்தில் 5 மீற்றர் ஓடி ஒற்றைக் காலில் நின்று காட்டும் பயிற்சி, காலுக்கு ஆறு தடவையாக இரண்டு சுற்று, கிழமையில் இரண்டு நாள். ஆறு கிழமைக்குப் பிறகு மீண்டும் அளக்கலாம்.

ரி வடிவச் சோதனை

பக்கவாட்டு அசைவையும் பின்னோட்டத்தையும் பார்க்க இது. போத்தல்களை ஆங்கில T எழுத்துப் போல வைக்க வேண்டும். அளவு யாரில் வந்தது: முன்னுக்கு 10 யார், அதாவது 9.14 மீற்றர், குறுக்கே இரு பக்கமும் 5 யார், 4.57 மீற்றர். பலர் 10 மீற்றர், 5 மீற்றர் என்று போட்டுவிட்டு வெளியூர்ப் பட்டியலோடு ஒப்பிட்டு, நம் பிள்ளைகள் மெத்தனம் என்று கவலைப்படுகிறார்கள். குறுக்குக் கோடு சரியாகச் செங்குத்தாக வர, நடுப் போத்தலிலிருந்து குறுக்குக் கோட்டில் 3 மீற்றர், ஓடி வரும் கோட்டில் 4 மீற்றர் குறித்து, இரண்டு முனைக்கும் இடையில் 5 மீற்றர் வருகிறதா பாருங்கள். வீடு கட்டுகிற மேசன் மூலை பார்க்கிற அதே கணக்கு.

நேராக ஓடி நடுப் போத்தலின் அடியை வலக்கையால் தொட வேண்டும். பக்கவாட்டாக இடப்பக்கம் நகர்ந்து இடக்கையால், அங்கிருந்து வலப்பக்கம் கடைசி வரை போய் வலக்கையால், நடுவுக்குத் திரும்பி இடக்கையால் தொட்டு, பின்னோட்டமாகத் தொடக்கத்துக்கு வர வேண்டும். முகம் எப்போதும் முன்னுக்கு. கால் ஒன்றையொன்று குறுக்கிட்டால் அந்த ஓட்டம் கணக்கில்லை. பின்னோட்டத்தில் பிள்ளைகள் மல்லாக்க விழுவது வழக்கம். தொடக்கக் கோட்டுக்கு இரண்டு மீற்றர் பின்னால் பெரியவர் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்கட்டும்.

இலினோய் சோதனை என்று ஒன்று எல்லா இடத்திலும் சொல்லப்படும். குப்புறப் படுத்திருந்து எழும்பி 10 மீற்றருக்கு 5 மீற்றர் செவ்வகத்தில் வளைந்து வளைந்து ஓடுவது. நீளமானது; கடைசியில் எதை அளந்தோம் என்று தெரியாது. சிறுவருக்கு விட்டுவிடலாம். இணையத்தில் உலவும் "மிக நன்று, சராசரி" பட்டியல்கள் பெரும்பாலும் 16 வயதுக்கு மேற்பட்டோருக்கானவை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதே பிள்ளையின் போன தடவை எண்தான் பட்டியல்.

கண்ணுக்கும் காலுக்கும் ஒரு சோதனை

பிள்ளை 5 மீற்றர் ஓடி வரட்டும். எதிரே நீங்கள் பந்தோடு நில்லுங்கள். அது கோட்டை எட்டும் கணத்தில் பந்தை வலமோ இடமோ தட்டிவிடுங்கள்; சாய்வாக 5 மீற்றரில் இரு பக்கமும் இரண்டு போத்தல் வாசல், பந்து போன வாசலால் பிள்ளை ஓட வேண்டும். பத்துத் தடவை. நேரம் எடுக்க வேண்டாம். முதல் எட்டை எதிர்ப் பக்கம் வைத்தது எத்தனை தடவை என்று மட்டும் எண்ணுங்கள்.

இதில் பிழைப்பது பெரும்பாலும் பயிற்றுநர்தான். மனதில் தோன்றியபடி தட்டினால் வலம் இடம் வலம் இடம் என்று மாறி மாறிப் போகும். பிள்ளைகள் நான்காவது தடவையில் பிடித்துவிடுவார்கள். முதல் நாளே நாணயம் சுண்டிப் பத்தையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். தட்டும் முன் தோளைச் சாய்க்காதீர்கள். கோன் சோதனையில் கடைசியாக வந்த ஒரு பிள்ளை இங்கே பத்தில் ஒரு பிழைகூட விடாமல் நிற்பதை நீங்கள் கட்டாயம் காண்பீர்கள். அந்தப் பெயருக்குக் கீழே கோடு போட்டு வையுங்கள்.

இடம் பிரிப்பது

முதலில் ஒன்று: 12 வயதுக்கு முன் யாருக்கும் நிரந்தர இடம் இல்லை. ஏழு பேர் ஆட்டத்தில் கோல் காப்பாளருக்கு முன்னால் 2-3-1 என்று நிறுத்தினால், ஆறு கிழமைக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பின், நடு, முன் மூன்று வரிசையிலும் நின்றிருக்க வேண்டும். கொப்பியில் அதற்கும் ஒரு பக்கம் வையுங்கள். நினைவை நம்பினால் நல்லாக விளையாடுகிறவன் எப்போதும் முன்னுக்கே நிற்பான். "என்ட மகன் ஃபோர்வேட்தான் சேர்" என்று வருகிற பெற்றோருக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

பிள்ளையின் இடத்தைச் சோதனை சொல்லாது. எதைக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். மிச்சம் நாலுக்கு நாலு ஆட்டத்தில் தெரியும். 30 மீற்றருக்கு 20 மீற்றர் இடம், சின்ன கோல், நான்கு நிமிட ஆட்டம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆட்களை மாற்றிப் போடுங்கள்.

சென்டர் பெக்குக்கு உயரம் பிறகு பார்க்கலாம். தலைக்கு மேலால் பந்து போகும்போது திரும்பி ஓட வேண்டியவன் அவன். 505 கழித்தலில் சின்ன எண்ணும் இரு பக்கமும் ஒத்த நேரமும் அவனுக்கு முக்கியம். ஒரு பக்கம் மட்டும் நன்றாகத் திரும்புகிற சென்டர் பெக்கை ஒரு நல்ல முன்கள வீரர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்து, மற்றப் பக்கத்தாலேயே போய்க்கொண்டிருப்பார். சைட் பெக்குக்கு, அதாவது பின்வரிசை ஓரக்காரருக்கு, ரி சோதனையின் பக்கவாட்டும் பின்னோட்டமும் பொருந்தும். ஆனால் உண்மையில் பார்க்க வேண்டியது, பின்னோட்டத்திலிருந்து இடுப்பைத் திறந்து நேர் ஓட்டத்துக்கு மாறும் அந்த ஒரு எட்டு. அதில் கால் சிக்கினால் விங்கர் போய்விட்டார்.

நடுக்களத்துக்கு, அதாவது 6, 8 இலக்கக்காரருக்கு, எந்தச் சோதனையும் நேராகப் பொருந்தாது. பந்து வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் எத்தனை தடவை பார்க்கிறார்கள் என்று ஐந்து நிமிடம் எண்ணுங்கள். ஒரு தடவையும் பார்க்காத பிள்ளை எவ்வளவு வேகமாகத் திரும்பினாலும் எதிராளியின் காலுக்குள்தான் திரும்பும். பார்க்கிற பிள்ளை மெதுவாகத் திரும்பினாலும் போதும். கீழே கோடு போட்ட பெயர் நினைவிருக்கிறதா? அந்தப் பிள்ளையை இங்கே போட்டுப் பாருங்கள்.

விங்கருக்கு ஓட்டத்தை விட நிற்பது முக்கியம். முழுவேகத்தில் ஓடிச் சட்டென்று நின்றால் பின்தொடர்கிறவன் இரண்டு மீற்றர் தாண்டிப் போவான். கோலுக்குப் பந்தைக் கொடுக்க அந்த இரண்டு மீற்றர் போதும். 9ஆம் இலக்கத்துக்கு, அதாவது முன்வரிசை நடுவில் நிற்பவருக்கு, முதல் ஐந்து மீற்றர். கோல் காப்பாளருக்கு இரண்டு மூன்று எட்டுப் பக்கவாட்டு நகர்வு, கை, வாய். வாய் என்றது பின்வரிசையைக் கூப்பிட்டு நிறுத்துவதை. உடம்பு வைத்த பிள்ளையைத் தண்டனை போல கோலுக்குள் தள்ளாதீர்கள், முழு அளவுக் கோல் 7.32 மீற்றர் அகலம், அதை மூட ஓடத் தெரிய வேண்டும்.

வளர்ச்சி

பையன்களுக்குச் சராசரியாக 14 வயதளவிலும் பெண்பிள்ளைகளுக்கு 12 வயதளவிலும் உயரம் மிக வேகமாகக் கூடும். ஒரே தரத்தில் படிக்கும் இருவரில் ஒருவன் மீசை அரும்பி நிற்பான், மற்றவன் போன வருடச் சட்டையையே போட்டிருப்பான். இப்போது வேகமானவன் திறமைசாலி என்று எழுதிவிடாதீர்கள். முந்தி வளர்ந்தவனாக இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சுவரில் உயரம் குறியுங்கள். பிறந்த திகதியையும் எழுதுங்கள். தையில் பிறந்தவனுக்கும் மார்கழியில் பிறந்தவனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம் இருக்கும்போது இருவரும் ஒரே வயதுப் பிரிவில் நிற்பார்கள்.

உயரம் திடீரென்று கூடிய பிள்ளையின் 505 நேரம் கெட்டுப்போகலாம். கால் நீண்டுவிட்டது, உடம்பு இன்னும் அதைப் பழகவில்லை. அந்த மூன்று நான்கு மாதம் அந்தப் பிள்ளையை வெளியே உட்கார வைத்தால் பிறகு மைதானத்துக்கே வராது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டில் நோவு, குதிக்காலில் நோவு என்று சொன்னால் சோம்பல் என்று நினைக்க வேண்டாம்; வளரும் எலும்பில் தசைநார் இழுப்பதால் வரும் நோவு அது. அந்த நாட்களில் திரும்பும் பயிற்சியைக் குறைத்துப் பந்தை நிறுத்துவதும் கொடுப்பதும் பழகட்டும். நொண்டினாலோ இரவில் நொந்தாலோ வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள்.

வருடத்துக்கு மூன்று தடவை அளந்தால் தாராளம்: மாசியில் தரை காய்ந்ததும் ஒன்று, வைகாசியில் ஒன்று, மழைக்கு முன் புரட்டாசியில் ஒன்று. எண்களை எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, அதன் வலம், இடம் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் காலூன்றித் திரும்பப் பழக வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.